காருக்குள் குடிவந்த தொலைபேசி

நம் குடியிருப்பின் கீழ்த்தளத்தில் நிற்கும் கார்களைப் பார்த்தால், பல வண்டிகள் பத்து வயதைத் தொட்டவை அல்லது தாண்டியவை. என்ஜினில் குறையில்லை. டயர் மாற்றியாயிற்று, பேட்டரியும் புதிது. ஆனால் வீட்டில் யாராவது புதுப் போன் வாங்கிவிட்டால் உடனே ஒரு கேள்வி எழுகிறது: "இது நம்ம வண்டியில கனெக்ட் ஆகுமா?" பழைய வண்டி வாங்கப் போகிறவர்களும் இதையேதான் கேட்கிறார்கள்.

கேள்வி சின்னதுதான். அதற்குப் பின்னால் எண்பது ஆண்டு வரலாறு இருக்கிறது. காருக்குள் தொலைபேசி எப்படி வந்தது, ஏன் ஒருமுறை வெளியேறியது, இப்போது ஏன் திரும்ப வருகிறது என்று தெரிந்துகொண்டால், எந்த வண்டியில் எதை மாட்டலாம், எதற்குக் காசு கொடுக்கக்கூடாது என்பதும் புரிந்துவிடும். வாடகைக்கு வீடு விட்டவர்களுக்கு இந்தக் கதை இன்னும் எளிதாகப் புரியும். இது வீட்டுக்காரருக்கும் குடித்தனக்காரருக்கும் இடையே நடக்கும் கதைதான். வீடு கார், குடித்தனம் தொலைபேசி.

முதல் குடித்தனம்: 36 கிலோ

1946 ஜூன் 17 அன்று அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில், ஓடும் வண்டியிலிருந்து பேசும் பொதுத் தொலைபேசிச் சேவையை பெல் நிறுவனம் தொடங்கியது. கருவியின் எடை ஏறத்தாழ 36 கிலோ. டேஷ்போர்டுக்குக் கீழே ரிசீவர், டிக்கிக்குள் பெட்டிகள். எண்ணைச் சுழற்ற முடியாது. ஆபரேட்டரிடம் எண்ணைச் சொன்னால் அவர் இணைப்பார். பேசும்போது ரிசீவரிலுள்ள பொத்தானை அழுத்த வேண்டும், கேட்கும்போது விட வேண்டும். ஒருவர் பேசி முடித்த பிறகுதான் மற்றவர் பேசலாம்.

ஸ்வீடனில் 1956இல் எரிக்சன் கருவிகளோடு தானியங்கிச் சேவை வந்தது. அங்கே ஆபரேட்டர் தேவையில்லை, ஆனால் கருவி 40 கிலோ.

எடையை விடப் பெரிய சிக்கல் இடப் பற்றாக்குறை. நகரம் முழுவதற்கும் ஒரே உயரமான கோபுரம். அதில் ஒரு சில அலைத்தடங்கள் மட்டும். ஒருவர் ஒரு தடத்தில் பேசினால், நகரின் மறுகோடியில் இருப்பவருக்கும் அந்தத் தடம் கிடைக்காது. 1976இல் கூட நியூயார்க் மாநகரம் முழுவதற்கும் 12 தடங்கள்தான். ஏறத்தாழ 540 பேருக்கு மட்டுமே இணைப்பு. ஆயிரக்கணக்கானோர் காத்திருப்புப் பட்டியலில் இருந்தார்கள். நம் ஊரில் டெலிபோன் இணைப்புக்கு ஆண்டுக்கணக்கில் காத்திருந்தவர்களுக்கு இது புதிதாக இருக்காது.

தீர்வு 1947லேயே தாளில் எழுதப்பட்டுவிட்டது. நகரத்தைச் சிறு சிறு அறைகளாகப் பிரித்து, ஒவ்வொரு அறைக்கும் ஒரு சிறிய கோபுரம் வைத்தால், சற்றுத் தள்ளியிருக்கும் அறையில் அதே தடத்தை மறுபடி பயன்படுத்தலாம் என்று பெல் ஆய்வகத்தின் டக்ளஸ் ரிங் ஒரு குறிப்பு எழுதினார். 'செல்' என்றால் அந்த அறை. செல்போன் என்ற பெயர் அங்கிருந்து வந்தது. வண்டி ஓர் அறையிலிருந்து அடுத்த அறைக்குப் போகும்போது அழைப்பு அறுந்துவிடாமல் கைமாற்ற வேண்டும். அதைச் செய்யும் அளவுக்குக் கணினிகள் வளர மேலும் முப்பது ஆண்டுகள் ஆயின. 1979இல் டோக்கியோ, 1981இல் ஸ்வீடன் உள்ளிட்ட வட ஐரோப்பா, 1983 அக்டோபர் 13 அன்று சிகாகோ என்று செல் முறை விரிந்தது. சிகாகோவில் முதல் வணிக அழைப்பும் ஒரு காரில் உட்கார்ந்தபடிதான் பேசப்பட்டது.

அந்தக் காலத்தில் செல்போன் என்றால் கார்போன்தான். காரணம் எளிது. சட்டைப்பைக்குள் அடங்கும் பேட்டரி அன்று இல்லை. காரில் பெரிய பேட்டரி, அதைச் சார்ஜ் செய்ய ஆல்டர்னேட்டர், கூரையில் நல்ல ஆன்டெனா, எல்லாம் தயாராக இருந்தன. கையில் பிடிக்கும் போன் அரை வாட்டுக்குச் சற்று மேல் அனுப்பினால், கார்போன் 3 வாட் அனுப்பியது. கோபுரம் தூரத்தில் இருந்தாலும் எட்டியது. ஆகவே வீட்டோடு சேர்த்துக் கட்டிய சுவர் அலமாரி போல, தொலைபேசியைக் காரோடு சேர்த்தே கட்டினார்கள். பின்னாளில் வந்த சிக்கல்களுக்கு விதை அங்கேதான் போடப்பட்டது.

இந்தியா தாண்டிப் போன படி

நாம் இந்தக் கட்டத்தைப் பார்க்கவே இல்லை. 1980களில் நம் பக்கத்தில் வெளியூருக்குப் பேச வேண்டுமென்றால் டிரங்க் கால் பதிவு செய்ய வேண்டும், பிறகு எஸ்டிடி பூத் வந்தது. மேலைநாடுகளில் ஓடிய அனலாக் செல்போன் இந்தியாவுக்கு வரவில்லை. 1995 ஜூலை 31 அன்று கல்கத்தாவிலிருந்து மேற்கு வங்க முதல்வர் ஜோதி பாசு, டெல்லியில் இருந்த தகவல் தொடர்பு அமைச்சர் சுக்ராமுடன் பேசிய முதல் அழைப்பே டிஜிட்டல் ஜிஎஸ்எம் முறையில்தான். அதே ஆண்டு சென்னையில் ஆர்பிஜி செல்லுலார், ஸ்கைசெல் என்ற இரண்டு நிறுவனங்கள் சேவை தொடங்கின. நிமிடத்துக்கு ஏறத்தாழ 16 ரூபாய். வரும் அழைப்புக்கும் காசு. வருகிற அழைப்பு இலவசம் என்றானது 2003 மே மாதத்தில்தான்.

படி தாண்டியதில் நமக்கு ஒரு நன்மை. செல்போன் இங்கே வந்தபோதே கைக்குள் அடங்கும் அளவுக்குச் சுருங்கியிருந்தது. ஆகவே அம்பாசடரிலோ, ஃபியட்டிலோ, மாருதி 800லோ யாரும் தொலைபேசியைச் சேர்த்துக் கட்டவில்லை. நம் வண்டிகளில் ஒலி தொடர்பான ஒரே பொருள் ரேடியோ, அல்லது கடையில் மாட்டிய கேசட் பிளேயர். அதனால்தான் நம் நாட்டுப் பழைய கார்களுக்குப் புதுப் போனை இணைப்பது, விலை உயர்ந்த ஐரோப்பிய வண்டிகளுக்கு இணைப்பதைவிட எளிது. அங்கே ஏற்கெனவே இருக்கும் ஒன்றைப் பிரிக்க வேண்டும். இங்கே அப்படிப் பிரிக்க ஒன்றும் இல்லை.

சேர்த்துக் கட்டியவர்கள் பட்ட பாடு

1990களில் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் சொகுசு கார்களில் தொலைபேசி தொழிற்சாலையிலேயே வந்தது. இருக்கைகளுக்கு நடுவே உள்ள பெட்டியைத் திறந்தால் ஒரு ரிசீவர் இருக்கும். டிக்கியில் அதன் பெட்டி. ஸ்டீயரிங்கில் பொத்தான், கூரையில் மைக், கார் ஸ்பீக்கரில் குரல். அழைப்பு வந்தால் பாட்டு தானாக நின்றுவிடும். கேட்பதற்கு எல்லாம் நன்றாகத்தான் இருந்தது.

பிறகு இரண்டு மாற்றங்கள் வந்தன. கைபேசி சிறிதாகி எல்லோர் பையிலும் புகுந்தது. ஒருவருக்கு இரண்டு எண் எதற்கு, கார் எண்ணுக்கு ஏன் தனிக் கட்டணம் என்று மக்கள் கேட்டார்கள். கார்க்காரர்கள் கைபேசியைப் பொருத்தும் தொட்டில் ஒன்றைக் கொடுத்தார்கள். அதில் போனைச் செருகினால் சார்ஜ் ஏறும், காரின் ஆன்டெனாவும் ஸ்பீக்கரும் இணைந்துகொள்ளும். ஆனால் ஒவ்வொரு மாடலுக்கும் ஒரு தொட்டில். போனை மாற்றினால் தொட்டில் வீண். ஒரு குறிப்பிட்ட பழைய நோக்கியா மாடலைத் தொட்டிலுக்காகவே தேடி வாங்கிய கார்க்காரர்கள் ஐரோப்பாவில் உண்டு.

இரண்டாவது அடி இன்னும் பலமானது. அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸ் 1996இல் ஓன்ஸ்டார் என்ற சேவையைத் தொடங்கியது. விபத்தில் ஏர்பேக் விரிந்தால் காரே உதவி மையத்தைக் கூப்பிடும். நல்ல ஏற்பாடு. ஆனால் தொடக்க கால வண்டிகளில் இருந்தது அனலாக் கருவி. 2008 பிப்ரவரி 18க்குப் பிறகு அனலாக் சேவையை நடத்த வேண்டிய கட்டாயம் அங்கே தொலைபேசி நிறுவனங்களுக்கு நீங்கியது. அவை கோபுரங்களை அணைத்தன. கார் ஓடியது, ஏசி ஓடியது, ஆனால் உயிர்காக்கும் பொத்தான் வெறும் பொத்தானாகிவிட்டது. 2022இல் அங்கே 3ஜி அணைக்கப்பட்டபோது இதே கதை வேறு பல நிறுவனங்களின் கார்களில் திரும்ப நடந்தது. காரில் ஒரு திருகுகூடப் பழுதாகவில்லை. எங்கோ ஓர் அலுவலகத்தில் எடுத்த முடிவால் வண்டியின் ஒரு பகுதி செயலிழந்தது.

கணக்கு இதுதான். நம் நாட்டில் சொந்தக் காருக்கு முதல் பதிவு 15 ஆண்டுக்கு. அதன் பிறகு தகுதி பார்த்து ஐந்தைந்து ஆண்டாகப் புதுப்பிக்கலாம். தொலைபேசித் தலைமுறையோ ஏறத்தாழ பத்தாண்டுக்கு ஒன்று. கைபேசி மூன்று நான்கு ஆண்டுக்கு ஒன்று. பதினைந்து ஆண்டு நிற்கும் வீட்டில், மூன்று ஆண்டில் காலி செய்யும் குடித்தனக்காரரைச் சுவரோடு சேர்த்துப் பூசினால் என்ன ஆகுமோ அதுதான் ஆனது.

புளூடூத்: நடுவில் ஒரு கதவு

விடுதலை ஸ்வீடனின் லுண்ட் நகரிலிருந்து வந்தது. 1994இல் எரிக்சன் பொறியாளர்கள், போனுக்கும் அதன் துணைக்கருவிகளுக்கும் இடையே வயர் இல்லாத குறுந்தொலைவு இணைப்பைத் தேடினார்கள். 1998இல் எரிக்சன், ஐபிஎம், இன்டெல், நோக்கியா, தோஷிபா என்று ஐந்து நிறுவனங்கள் சேர்ந்து அதை எல்லோருக்கும் பொதுவான தரமாக்கின. பத்தாம் நூற்றாண்டில் டென்மார்க்கின் பிரிந்த குழுக்களை ஒன்று சேர்த்த அரசர் ஹரால்டு புளூடூத்தின் பெயரை வைத்தார்கள். 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் 79 தடங்களுக்கு இடையே நொடிக்கு 1600 முறை தாவித் தாவிப் பேசுவது அதன் முறை. ஒரு தடத்தில் இடைஞ்சல் இருந்தாலும் அடுத்த நொடித்துளியில் வேறு தடத்துக்குப் போய்விடும்.

இதன் உண்மையான பெருமை வேகத்தில் இல்லை. இது ஒரு பொதுவான கதவு. கார்க்காரர் ஒரு பக்கம் கதவை வைக்கிறார், போன்காரர் மறுபக்கம் வைக்கிறார். யாரும் யாருடைய மாடலையும் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. இன்றைய போன் இருபது ஆண்டுக்கு முந்தைய புளூடூத் கருவியோடும் பெரும்பாலும் பேசும்.

ஆனால் கதவு ஒன்றானாலும் உள்ளே அறைகள் தனித்தனி. அழைப்புக்கு ஓர் ஒழுங்கு, பாட்டுக்கு வேறு ஒழுங்கு, பெயர்ப்பட்டியலுக்கு இன்னொன்று. 2010ஐ ஒட்டி வந்த சில கார்களில் அழைப்பு மட்டும் வரும், பாட்டு வராது. அது கோளாறு அல்ல. அந்தக் கருவி பாட்டுக்கான ஒழுங்கைக் கற்கவே இல்லை. சேர்விஸ் சென்டரில் "சாஃப்ட்வேர் அப்டேட்" என்று காசு கொடுப்பதற்கு முன், உங்கள் வண்டியின் கையேட்டில் எது எது உண்டு என்று பார்த்துவிடுங்கள்.

நம் மாநிலத்து வண்டிகளே இதற்குச் சான்று. மறைமலைநகர் ஃபோர்டு ஆலையில் 2010இல் வந்த ஃபிகோவின் மேல்நிலை மாடலில் புளூடூத் இருந்தது. அந்த விலைக்கு அன்று அது அரிது. 2013இல் அதே ஆலையிலிருந்து ஈகோஸ்போர்ட் வந்தது. அதில் விபத்தின்போது இணைந்திருக்கும் போன் வழியாக அவசர உதவியை அழைக்கும் வசதி இருந்தது. ஓன்ஸ்டாரோடு ஒப்பிட்டுப் பாருங்கள். செய்யும் வேலை ஒன்றுதான். ஆனால் ஈகோஸ்போர்ட் தனக்கென்று ஒரு தொலைபேசி வைத்துக்கொள்ளவில்லை, நம் போனை இரவல் வாங்கிக்கொண்டது. 2022இல் அந்த ஆலையில் கார் உற்பத்தியே நின்றுபோயிற்று. ஆனால் அந்த வண்டிகள் இன்றும் புதுப் போன்களோடு இணைகின்றன.

இதே எண்ணத்தின் அடுத்த படி, 2014, 2015 ஆண்டுகளில் வந்த ஆப்பிள் கார்ப்ளேயும் ஆண்ட்ராய்டு ஆட்டோவும். வரைபடம், பாட்டு, அழைப்பு எல்லாம் போனில் நடக்கும், காரின் திரை அதைக் காட்டும் பலகை மட்டும். போனை மாற்றினால் காரும் புதிதாகிவிடும்.

பழைய வண்டிக்குப் புது இணைப்பு

இப்போது நம் கீழ்த்தளத்துக்கு வருவோம். உங்கள் வண்டியில் என்ன இருக்கிறது என்பதைப் பொறுத்து வழி மாறும்.

கேசட் பிளேயர் மட்டும் உள்ள வண்டி: கேசட் வடிவில் வயரோடு வரும் அடாப்டர் இன்றும் கிடைக்கிறது. உள்ளே நாடா இல்லை. பிளேயரின் காந்தத் தலைக்கு எதிரே ஒரு சிறு காந்தத் தலை, பாட்டுக்கு ஏற்ப காந்த அலையை உண்டாக்குகிறது. நாடா ஓடுவதாகவே பிளேயர் நினைத்துக்கொள்ளும். ஒலி ஓரளவுக்கு நன்றாகவே இருக்கும். அழைப்புக்கு மைக் கிடையாது.

ரேடியோ மட்டும் உள்ள வண்டி: லைட்டர் சாக்கெட்டில் செருகும் எஃப்எம் கருவி. போனிலிருந்து புளூடூத்தில் வாங்கி, ஒரு காலி எஃப்எம் அலைவரிசையில் அனுப்பும். நிலையங்கள் நெருக்கியடிக்கும் சென்னையில் காலி அலைவரிசை தேட வேண்டும். திட்டக்குடி, விருத்தாசலம் பக்கம் அந்தத் தொல்லை குறைவு. ஆனால் நெடும்பயணத்தில் ஊருக்கு ஊர் அலைவரிசையை மாற்ற வேண்டியிருக்கும்.

ஏயுஎக்ஸ் துளை உள்ள வண்டி: அதில் செருகும் சிறு புளூடூத் ரிசீவர் போதும். ஒலி எஃப்எம் வழியைவிடத் தெளிவு.

முழு ஸ்டீரியோவையே மாற்றுவது: திரையோடு வரும் புதுக் கருவி மாட்டலாம். இங்கேதான் கவனம் தேவை. கடைக்காரரிடம் மூன்று கேள்வி கேளுங்கள். முதலாவது, வண்டியின் ஒரிஜினல் வயரை வெட்டாமல், உங்கள் மாடலுக்கான கப்ளர் வைத்து மாட்டுவாரா? வெட்டி டேப் சுற்றிய இணைப்பு சில ஆண்டுகளில் தளர்ந்து, ஷார்ட் ஆகும் வாய்ப்பு உண்டு. இரண்டாவது, கருவிக்குரிய மின்சாரத்தைச் சாவி திருப்பினால் மட்டும் வரும் வயரிலிருந்து எடுக்கிறாரா? எப்போதும் மின்சாரம் உள்ள வயரிலேயே எல்லாவற்றையும் கொடுத்துவிட்டால், ஊருக்குப் போய் இரண்டு வாரம் கழித்து வந்து பார்க்கும்போது பேட்டரி இறங்கியிருக்கும். மூன்றாவது, மைக்கை எங்கே வைக்கிறார்? ஏசி காற்று வரும் துளைக்கு அருகில் வைத்தால் மறுமுனையில் இருப்பவருக்குப் புயல் சத்தம்தான் கேட்கும். ஓட்டுநர் தலைக்கு மேல், கூரைத் துணியின் முன்விளிம்பு நல்ல இடம். கழற்றிய பழைய ஸ்டீரியோவைக் கேட்டு வாங்கிப் பத்திரமாக வையுங்கள். வண்டியை விற்கும்போது உதவும்.

தொழிற்சாலைத் தொலைபேசி உள்ள பழைய சொகுசு வண்டி: இரண்டாம் கையாக வாங்குகிறவர்களுக்கு இது ஒரு தனி எச்சரிக்கை. 1998க்குப் பிந்தைய பல ஜெர்மன் சொகுசு வண்டிகளில் ரேடியோ, ஆம்ப்ளிஃபயர், தொலைபேசி எல்லாம் ஒளியிழையால் ஒரு வளையமாகக் கோக்கப்பட்டிருக்கும். செய்தி ஒன்றிலிருந்து ஒன்றுக்குக் கைமாறி வளையத்தைச் சுற்றும். பயன்படாத தொலைபேசிப் பெட்டியைக் கழற்றினால் வளையம் அறுந்து, காரின் ஒலி முழுவதும் நின்றுபோகும். அந்த இடத்தில் இரு முனைகளையும் சேர்க்கும் ஒரு சிறு வளைய இணைப்பைச் செருகினால் பாட்டு திரும்பும். பழைய பெட்டியின் இடத்திலேயே பொருந்தும் புளூடூத் பெட்டிகளும் சந்தையில் உண்டு. அவை பழைய ஸ்டீயரிங் பொத்தானையும் மைக்கையும் அப்படியே பயன்படுத்திக்கொள்ளும். இது அறியாத கையில் ஒப்படைத்தால் ஒரு தொலைபேசிக்காக முழு ஆடியோவையும் மாற்ற வேண்டிய செலவு வந்து நிற்கும்.

கடைசியாக, ஒரு பீங்கான் செய்தி. இதைச் சொல்லாமல் விட்டால் பொம்மையும் மின்சாதனப் பீங்கானும் செய்யும் விருத்தாசலத்துக்குப் பக்கத்தில் இருந்து என்ன பயன்? தந்திக் கம்பத்தில் வெள்ளைப் பீங்கான் குமிழ்களை நாம் பார்த்திருக்கிறோம். தொலைத்தொடர்பில் பீங்கானின் வேலை அதோடு முடியவில்லை. புதுத் திரைக் கருவியோடு வரும் ஜிபிஎஸ் ஆன்டெனாவைத் திறந்தால், உள்ளே இருப்பது வெள்ளி பூசிய ஒரு சதுரப் பீங்கான் வில்லை, பெரும்பாலும் 25 மில்லிமீட்டர் பக்கம். ஜிபிஎஸ் அலையின் நீளம் 19 சென்டிமீட்டர். காற்றில் அதற்குத் தட்டை ஆன்டெனா செய்தால் ஒன்பதரை சென்டிமீட்டர் பக்கம் வேண்டும். பீங்கானுக்குள் அலை சுருங்குவதால் வில்லை உள்ளங்கையில் கால்பங்காகிவிடுகிறது. அந்த ஆன்டெனாவைக் கண்ணாடிக்கு அருகில், வானம் தெரியும்படி வைக்கச் சொல்லுங்கள். இரும்புத் தகட்டுக்கு அடியில் ஒளித்து வைத்தால் வரைபடம் தொழுதூர் போக வேண்டிய உங்களை வெள்ளாற்றுக்குள் காட்டும்.

மறுபடி சேர்த்துக் கட்டுகிறார்கள்

வரலாறு இப்போது திரும்பிக்கொண்டிருக்கிறது. 2019 மே மாதம், ஸ்ரீபெரும்புதூரை அடுத்த இருங்காட்டுக்கோட்டை ஹூண்டாய் ஆலையிலிருந்து வந்த வென்யூவில், கழற்ற முடியாத இ-சிம் உள்ளே இருந்தது. தொலைவிலிருந்து ஏசி போடலாம், வண்டி எங்கே நிற்கிறது என்று பார்க்கலாம். இப்போது பல நிறுவனங்களின் கார்களில் இது உண்டு. இயந்திரங்களுக்கு 13 இலக்க எண்ணே நம் நாட்டில் ஒதுக்கப்பட்டிருக்கிறது. அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸ் 2023இல், தன் புது மின்சார வண்டிகளில் கார்ப்ளேயும் ஆண்ட்ராய்டு ஆட்டோவும் இருக்காது, எல்லாம் காருக்குள்ளேயே இருக்கும் என்று அறிவித்தது.

நன்மை இல்லாமல் இல்லை. ஓட்டுநர் மயங்கிக் கிடந்து, போன் உடைந்திருந்தாலும் கார் உதவியைக் கூப்பிடும். ஐரோப்பாவில் 2018 மார்ச் 31க்குப் பின் வந்த புது மாடல் கார்களில் இது கட்டாயம். ஆனால் அந்த ஏற்பாடும் 2ஜி, 3ஜி நம்பியே கட்டப்பட்டது, அங்கேயும் பழைய கோபுரங்களை அணைக்கும் பேச்சு நடக்கிறது.

நமக்கு நெருக்கமான நினைவு ஒன்று இருக்கிறது. 2018 பிப்ரவரியில் தமிழ்நாடெங்கும் ஏர்செல் சிக்னல் போனபோது, எண்ணை மாற்றிக்கொள்ள மக்கள் கடைகளில் வரிசையில் நின்றார்கள். தொல்லைதான், ஆனாலும் முடிந்தது. எண் அப்படியே, நிறுவனம் மட்டும் வேறு. சிம்மைக் கழற்றி வேறு சிம் போட்டோம். காருக்குள் பதிந்த சிம்மை நாம் கழற்ற முடியாது. எந்த நிறுவனம், எத்தனை ஆண்டு, முடிந்தபின் சந்தா எவ்வளவு என்பதை வாங்குகிற அன்றே கேட்டு எழுத்தில் வாங்க வேண்டும். இலவசக் காலம் முடிந்து சந்தா கட்டாவிட்டால் எந்த வசதி நிற்கும், அவசர அழைப்பும் நிற்குமா என்பதையும் சேர்த்துக் கேளுங்கள். அதோடு, புளூடூத்தோ ஆண்ட்ராய்டு ஆட்டோவோ கார்ப்ளேயோ தனியாக இருக்கிறதா என்று பாருங்கள். உள்ளே கட்டியது போனாலும் வெளிக்கதவு ஒன்று திறந்திருக்க வேண்டும்.

இணைந்துவிட்டது, பேசலாமா?

இணைப்பு முடிந்ததும் வரும் நினைப்பு, "இனி ஓட்டிக்கொண்டே தாராளமாகப் பேசலாம்" என்பது. வரலாறு இதை ஏற்கவில்லை.

1997இல் டொரன்டோவில் விபத்தில் சிக்கிய, செல்போன் வைத்திருந்த 699 ஓட்டுநர்களின் அழைப்புப் பதிவுகளை ஆராய்ந்தார்கள். போன் பேசும் நேரத்தில் விபத்து வாய்ப்பு ஏறத்தாழ நான்கு மடங்கு. கையில் பிடிக்காத கருவி வைத்திருந்தவர்களுக்கும் பாதுகாப்பு கூடியதாகத் தெரியவில்லை. 2001இல் அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழகத்தில் டேவிட் ஸ்ட்ரேயர் குழு செய்த சோதனையிலும் அதே முடிவு. போனைக் கையில் பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும், பேசிக்கொண்டிருந்தவர்கள் சிக்னலைத் தவறவிட்டார்கள். கை ஸ்டீயரிங்கில்தான் இருக்கிறது, கவனம் உரையாடலில் இருக்கிறது. பக்கத்தில் உட்கார்ந்து பேசுகிறவர் எதிரே லாரி வந்தால் தானே பேச்சை நிறுத்துவார். போனில் இருப்பவருக்கு அது தெரியாது.

சட்டமும் தெரிந்திருக்கட்டும். 2019இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 184ஆம் பிரிவு, ஓட்டும்போது கையில் பிடிக்கும் கருவியைப் பயன்படுத்துவதை ஆபத்தான ஓட்டுதலில் சேர்த்திருக்கிறது. முதல் குற்றத்துக்கே 1,000 முதல் 5,000 ரூபாய் வரை அபராதமோ, ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை சிறையோ, இரண்டுமோ உண்டு. கவனம் சிதறாதபடி வழி பார்ப்பதற்கு மட்டும் 2020இல் விதிகளில் இடம் தரப்பட்டது.

திட்டக்குடியிலிருந்து தொழுதூர் போய்ச் சென்னை – திருச்சி நெடுஞ்சாலையில் ஏறுகிறவர்களுக்குத் தெரியும்: வழியில் கரும்பு டிராக்டர், சாலையோரம் காயும் மக்காச்சோளம், விளக்கில்லாத சைக்கிள். அந்தச் சாலையில் இணைப்பின் சரியான பயன், வரும் அழைப்பை ஒரே பொத்தானில் எடுத்து, "வண்டி ஓட்டறேன், நிறுத்திட்டுக் கூப்பிடறேன்" என்று சொல்வதுதான். வீட்டில் இருக்கும் நாமும் உதவலாம். அண்ணன், தம்பி, பிள்ளைகள் வண்டியில் கிளம்பிவிட்டார்கள் என்று தெரிந்தால் "எங்கே வர்றீங்க?" என்று பத்து நிமிடத்துக்கு ஒருமுறை கூப்பிடாமல் இருக்கலாம்.

வண்டியை விற்கும் முன்

குடித்தனம் காலி செய்யும்போது சாவியை ஒப்படைப்போம், நம் பொருளை எடுத்துக்கொள்வோம். காரில் பலர் இதை மறக்கிறார்கள். புளூடூத்தில் இணைக்கும்போது கார் நம் போனின் பெயர்ப்பட்டியலையும் சமீபத்திய அழைப்புகளையும் நகலெடுத்துத் தன்னிடம் வைத்துக்கொள்ளும். ஜிபிஎஸ் திரையில் வீட்டு முகவரி 'வீடு' என்றே பதிந்திருக்கும். வண்டி கைமாறினால் எல்லாம் அடுத்தவருக்குப் போகும்.

விற்கும் முன் மூன்று வேலை. காரின் செட்டிங்ஸில் உள்ள போன்களை நீக்குங்கள். திரை உள்ள கருவியாக இருந்தால் தொழிற்சாலை நிலைக்குத் திருப்புங்கள். இ-சிம் உள்ள கார் என்றால் நிறுவனத்தின் செயலியிலிருந்து வண்டியை உங்கள் கணக்கிலிருந்து விலக்குங்கள். இல்லையென்றால் விற்ற பிறகும் வண்டி எங்கே போகிறது என்று உங்கள் போனில் தெரியும். வாங்குகிறவர்களும் இதையே தலைகீழாகச் செய்யுங்கள்: பழைய உரிமையாளரின் செயலியிலிருந்து வண்டி விலக்கப்பட்டதா என்று நேரில் பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள்.

பழைய வண்டிக்கு எந்த இணைப்பை மாட்டினாலும் ஒரு கேள்வியை வைத்துக்கொள்ளுங்கள்: நாளைக்கு இதைக் கழற்றினால் வண்டி முன்பு இருந்தபடி இருக்குமா? ஆம் என்றால் மாட்டலாம். இல்லை என்றால் ஒருமுறைக்கு இருமுறை யோசியுங்கள்.